கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்குப் பக்கவாதம்: அமுச்சி மேல் தப்பா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளம் தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவருடைய கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பதிமூன்று மாதப் பெண் குழந்தை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன அன்று, குழந்தையைத் தன் அம்மாவிடம், அதாவது குழந்தையின் அமுச்சியிடம், விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாசலில் போட்டிருந்த கயித்துக் கட்டிலிலிருந்து குழந்தை நழுவி விழுந்திருக்கிறது. முழங்கால் உயரம்தான். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அடங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் கொடுத்தால் வலது கையை நீட்டவில்லை, வாய் இடப்பக்கமாக இழுத்திருக்கிறது. “உரம் விழுந்திருக்கு”, அதாவது சதை பிசகியிருக்கிறது, என்று சொல்லி, தெரிந்த பாட்டி ஒருவரிடம் கொண்டுபோய்த் துணியில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை வலது காலும் ஊன்றவில்லை. அப்புறம்தான் மருத்துவமனை. கோவையில் எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் எடுத்து, மூளைக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறது, அதில் ஒன்று அடைத்து ஸ்ட்ரோக் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இதய எக்கோவில் குறை இல்லை. ஹீமோகுளோபின் 7.8, அதாவது ரத்தசோகை. ஆஸ்பிரின், இரும்புச்சத்து சொட்டு மருந்து, பயிற்சி என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. கால் தேறி, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கை இன்னும் முழுசாக வரவில்லை. கணவர் வீட்டில் எல்லோரும் “உங்கம்மா போட்டுட்டாங்க” என்கிறார்கள். கணவர் மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அந்த அம்மாவோ சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம். இத்தனை சின்ன விழுகையில் பக்கவாதம் வருமா, கால்சியம் எங்கிருந்து வந்தது, இரண்டு ஸ்கேன் காசுக்காக எடுத்ததா, கை வருமா, திரும்ப வருமா என்பவை இவருடைய கேள்விகள்.

அம்மணி, உங்கள் கேள்விகளுக்கு முன்னால், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். “மலம் கருப்பாகப் போச்சு, ஆஸ்பிரின் வயித்தைப் புண்ணாக்கும்னு சொந்தக்காரர் சொன்னார், பத்து நாளா நிறுத்திட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

முதல் வேலை: நிறுத்திய மாத்திரை

இரும்புச்சத்து மருந்து குடிக்கும் குழந்தைக்கு மலம் கருப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும். அது வழக்கம்தான். தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்துடன் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோதான் வயிற்றில் ரத்தக்கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் குழந்தைக்கு அப்படி இல்லை. இருந்தாலும் உங்கள் மருத்துவர் ஒரு முறை கேட்டு உறுதி செய்யட்டும்.

பெரியவர்களுக்கு மாரடைப்புக்குக் கொடுக்கும் அதே ஆஸ்பிரின்தான் இதுவும். ஆனால் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு மிகக் குறைந்த அளவு கொடுப்பார்கள். ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் மகள் நடை பழகும் வயதில் இருக்கிறாள். தினமும் நாலு தடவையாவது விழுவாள். இந்த வகைப் பக்கவாதம் இன்னொரு விழுகைக்குப் பிறகு திரும்ப வர வாய்ப்பு உண்டு என்பதால்தான் இந்த மாத்திரையைக் கொடுக்கிறோம். இன்றைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, பத்து நாள் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லி, எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்மையிலேயே முக்கியம். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை போட்டாலோ ஃப்ளூ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உடம்பில் இருந்தால், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்து அரிதாக வரலாம். ஃப்ளூ தடுப்பூசி, சின்னம்மைத் தடுப்பூசி இரண்டையும் எப்போது போடுவது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு வேறு வலி மருந்து வாங்க வேண்டாம்.

முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தால் பக்கவாதம் வருமா?

சாதாரணமாக வராது. குழந்தைகள் விழாத வீடு ஏது? உங்கள் மகளுக்கு வந்ததற்குக் காரணம், விழுவதற்கு முன்பே அவள் மூளைக்குள் இருந்த ஒரு நிலைமை.

மூளையின் நடுப் பகுதியில், கை கால் அசைவோடு நெருக்கமாகச் சம்பந்தப்பட்ட ஒரு இடம் இருக்கிறது. பேசல் கேங்க்லியா என்போம். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மயிரிழை போல மெலிந்தவை. பெரிய ரத்தக்குழாயிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி மேலே ஏறுபவை. சில குழந்தைகளுக்கு இந்தக் குழாய்களின் சுவரில் கால்சியம் போன்ற தாது படிந்து, குழாய் விறைத்துப் போயிருக்கும். வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அந்தக் குழந்தை எங்கேயாவது விழும்போது தலை சடாரென்று அசைய, விறைத்த குழாய் இழுபட்டு, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. மண்டை உடைந்திருக்காது, ரத்தம் கட்டியிருக்காது, மேலே ஒரு வீக்கம்கூட இருக்காது. உங்கள் குழந்தையின் கதை அப்படியே இதுதான்.

இது உங்கள் ஒரு வீட்டில் நடந்த விநோதம் என்று நினைக்காதீர்கள். 2014-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் இப்படிப் பாதித்த குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதற்கப்புறம் நம் நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இதே படம் வந்துகொண்டிருக்கிறது. குழந்தை நரம்பியல் பார்க்கிற எங்களுக்கு, “கொஞ்சம்தான் விழுந்தா, அப்புறம் கை தூக்கலை” என்ற வாக்கியம் காதில் விழுந்ததுமே இந்த நோய் மனதில் வந்துவிடும்.

“எத்தனை அடி உயரம், யார் கூட இருந்தாங்க” என்று டாக்டர்கள் மாறி மாறிக் கேட்டது குற்றம் சாட்டுவது போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பெரிய உயரத்திலிருந்து விழுந்திருந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவைத் தேட வேண்டும். கழுத்தில் அடிபட்டிருந்தால் அங்கே ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்சிலையோ ஐஸ் குச்சியையோ வாயில் வைத்துக்கொண்டு விழுந்த குழந்தைக்குக்கூடத் தொண்டைக்குப் பின்னால் ஓடும் பெரிய குழாயில் அப்படி ஆகலாம். எந்த ஸ்கேன் எடுப்பது என்பதே அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகிறது.

எதற்கு இரண்டு ஸ்கேன்?

ரத்தம் போகாமல் மூளையில் எந்த இடம் பாதித்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. மிகச் சீக்கிரம் காட்டிவிடும். அடைத்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. பல சமயம் நார்மலாகவே தெரியும். “சி.டி. நார்மல், வீட்டுக்குப் போங்க” என்று யாராவது சொல்லி, கை இன்னும் அசையாமல் இருந்தால், பெற்றவர்கள் தயங்காமல் “எம்.ஆர்.ஐ. வேணுமா?” என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

ஆனால் கால்சியம் விஷயத்தில் இது தலைகீழ். மெல்லிய கோடாக ஏறும் அந்தப் படிவை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தவறவிட்டுவிடும். சி.டி.யில்தான் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதுவும் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் பார்க்கும் கோணங்களில் படத்தைத் திருப்பிப் போட்டால்தான் தெளிவாக இருக்கும். அதனால் உங்கள் மருத்துவர்கள் இரண்டையும் எடுத்தது சரி. அந்தக் கால்சியம் படிவு தெரிந்திருக்காவிட்டால், காரணம் தெரியாத ஸ்ட்ரோக் என்று இன்னும் பல பரிசோதனைகளுக்கு உங்களை அலைய விட்டிருப்பார்கள்.

ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் கையில் இல்லை என்கிறீர்கள். கேட்டு வாங்குங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. வேறு யாரிடம் காட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். அது இருந்தால் குழந்தையை மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுக்க வேண்டி வராமல் போகலாம்.

வேறு என்னென்ன காரணங்களைத் தேடினார்கள்?

எக்கோ எதற்கு, இத்தனை ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரும் பக்கவாதத்தின் காரணங்கள் பெரியவர்களுடையவை போல இருக்காது. சர்க்கரை, பிரஷர், பீடி, சிகரெட் எல்லாம் இங்கே கணக்கில் வராது. இதயத்தில் பிறவிக் குறை இருந்து, குறிப்பாக உதடும் நகமும் நீலம் பாரிக்கும் வகை இருந்தால், அங்கிருந்து ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். அதற்குத்தான் எக்கோ. நாள்பட்ட காய்ச்சல், வாந்தி, சோர்வு என்று இருந்து பக்கவாதம் வந்தால் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தேடுவோம். நம் நாட்டில் அதை ஒருபோதும் மறக்கக் கூடாது. மூளைக்குப் போகும் பெரிய குழாய்களே மெல்ல மெல்லச் சுருங்கும் மோயாமோயா என்றொரு நோய் இருக்கிறது. அழும்போதோ வேகமாக மூச்சு வாங்கும்போதோ கை சிறிது நேரம் செயலிழந்து திரும்ப வருவது அதன் அடையாளம். ரத்தம் உறையும் தன்மையில் பிறவிக் கோளாறு, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகம் இருப்பது ஆகியவற்றை ரத்தத்தில் பார்ப்போம்.

நம் பக்கத்து மலைகளை நினைத்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-ல். அந்த நோயுள்ள குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்து அதிகம். தலைக்கு வெளியிலிருந்தே எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் மூலம் அந்த ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் தடுக்க முடியும். இதைப் படிக்கும் மலைக் கிராமத்துச் செவிலியர்கள், ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு குழந்தையாவது தப்பும்.

இன்னொன்று அம்மை. சின்னம்மை போட்டு ஆறிய பிறகு, ஒரு வருடத்துக்குள், மூளைக்குப் போகும் குழாய் வீங்கிச் சுருங்கி ஸ்ட்ரோக் வரலாம். நம் ஊர்ப்பக்கம் அம்மை போட்டதை ஆஸ்பத்திரியில் சொல்ல நிறைய பேர் தயங்குகிறார்கள். அம்மன் வந்து போனதாகக் கும்பிட்டு, தண்ணி ஊத்தி முடித்த விஷயத்தை டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்ற மரியாதைதான் அது. அந்த நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் “கடைசி ஒரு வருஷத்தில் அம்மை போட்டதா?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதே சில நேரம் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

உரம் எடுத்தது

இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். அந்தப் பாட்டியும் அப்படித்தான். ஆனால் ஒரு பக்கம் வாய் இழுத்து, கை தூக்காத குழந்தையைத் துணியில் போட்டு உருட்டக் கூடாது. கழுத்து வேகமாகத் திரும்புவதும் தலை குலுங்குவதும் அந்த நேரத்தில் ஆபத்து. அதைவிடப் பெரிய இழப்பு, அதில் போய்விட்ட ஒரு ராத்திரி. உங்கள் குழந்தைக்கு அந்த ராத்திரியால் கை போகவில்லை. இந்த வகையில் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாகப் போடுவதும் இல்லை. ஆனால் மூளைக்குள் ரத்தக்கசிவோ மூளைக்காய்ச்சலோ இருந்திருந்தால் அந்தத் தாமதம் உயிரையே எடுத்திருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு எது என்று தெரிய வழி இல்லை.

திடீரென்று ஒரு கை அல்லது கால் தொய்வது, வாய் கோணுவது, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, ஒரு பக்கம் மட்டும் வெட்டும் வலிப்பு வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். வாய்வழியாகத் தண்ணீரோ மருந்தோ கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். வலிப்புக்குப் பின் கொஞ்ச நேரம் கை தொய்ந்து தானாகச் சரியாவதும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்.

கால்சியம், ராகி, போர் தண்ணீர்

“போர் தண்ணிக் குழாயில் உப்பு படிகிற மாதிரி என் பிள்ளை மூளையில் படிந்துவிட்டதா” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தண்ணீரில் உள்ள உப்போ, ராகியோ, கால்சியம் மருந்தோ, வைட்டமின் டி சொட்டோ போய் அந்தக் குழாயில் உட்காருவதில்லை. எந்தக் காரணத்தால் படிகிறது என்பது மருத்துவத்தில் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. நீங்கள் ராகியையும் வைட்டமின் டி-யையும் நிறுத்தியது தேவையில்லாதது. திரும்பக் கொடுங்கள்.

உணவில் கவனம் வேண்டிய இடம் வேறு. இப்படி ஸ்ட்ரோக் வந்த குழந்தைகளில் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருப்பதைப் பார்க்கிறோம். இரும்புச்சத்துக் குறைவே தனியாகப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து டம்ளர் பசும்பால் குடிக்கிறாள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே மாடு இருப்பவர்கள் வீட்டில் இதை நான் நிறையப் பார்க்கிறேன். பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சோறு இறங்காது. பாலை இரண்டு டம்ளருக்குள் நிறுத்திவிட்டு முட்டை, பருப்பு, கீரை, நீங்கள் சாப்பிடுபவர்கள் என்றால் ஈரல், கறி என்று மசித்துக் கொடுங்கள். இரும்பு மருந்தைப் பாலோடு கொடுக்க வேண்டாம்.

கை வருமா?

இந்த வகையில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறுகிறார்கள். இரண்டு மாதத்தில் கால் வந்திருப்பது நல்ல அறிகுறி. கை, அதிலும் விரல்களின் நுணுக்கம், கடைசியில்தான் வரும். சிலருக்குக் கொஞ்சம் விறைப்போ முறுக்கலோ தங்கலாம்.

“சின்னக் குழந்தை மூளை, தானா சரியாயிடும்” என்று யாரோ சொன்னதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மூளை புதிய பாதையைப் பிடிப்பது, அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்தால்தான். நன்றாக இருக்கும் இடது கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் துணி உறை போட்டுவிட்டு, வலது கைப் பக்கமாகப் பொம்மையையும் பொரியையும் நீட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அரசுத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதமும் குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே பயிற்சி இலவசம். உங்கள் பகுதிக்கு எது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

மறுபடி விழுவதை முழுசாகத் தடுக்க முடியாது. குழந்தையைக் கட்டிப்போடவும் கூடாது. கட்டிலில் தனியாக விடாமல் தரையில் பாய் விரித்து விளையாட விடுங்கள். வண்டி டேங்க்கின் மேல் உட்கார வைத்துக்கொண்டு போவதை நிறுத்துங்கள். குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டு யார் செய்தாலும் தடுங்கள். இரண்டு வயது தாண்டத் தாண்ட இந்தக் குறிப்பிட்ட ஆபத்து குறைந்துகொண்டே வரும்.

உங்கள் அம்மா

உங்கள் அம்மா அன்றைக்குக் கூட இல்லாமல் நீங்களே பார்த்துக்கொண்டிருந்தாலும் இது நடந்திருக்கலாம். மாமியார் வீட்டில் சோபாவிலிருந்து இறங்கும்போதும் நடந்திருக்கலாம். குழாயில் படிவு முன்பே இருந்தது என்பதற்குச் சாட்சி அந்த சி.டி. படம். விழுந்த அரை மணி நேரத்தில் கால்சியம் படியாது. இந்த ஒரு உண்மையை உங்கள் வீட்டுக்காரர் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை முடியும்.

அதை நீங்கள் சொன்னால் “அம்மாவுக்குப் பரிந்து பேசுறா” என்று ஆகும். அதனால் அடுத்த முறை கோவைக்குப் போகும்போது உங்கள் கணவரையும் உங்கள் அம்மாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கணவருக்குக் கம்பெனி லீவு இருக்கும் நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். உள்ளே போனதும் மருத்துவரிடம், “அந்த வெள்ளைக் கோட்டை இவங்க ரெண்டு பேருக்கும் காட்டுங்க டாக்டர், இது விழுறதுக்கு முன்னாடியே இருந்ததானு சொல்லுங்க” என்று நேரடியாகக் கேளுங்கள். எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். உங்கள் அம்மா சாப்பிடாமல் இருப்பது தொடர்ந்தால், தூக்கமும் போய்விட்டால், அவரையும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.